67 வந்தால் போதுமா?

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து எழுதிய தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள். கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) 67 பாயின்ட் வந்துவிட்டது, கன்ஃபர்ம் என்கிறாரே ஏஜென்ட், முன்பணம் கட்டலாமா என்பது உங்களுடையது. தறி நெய்கிறவனுக்கு அங்கே பாயின்ட் உண்டா என்பது அப்பா கேட்கச் சொன்னது. அப்பாவின் கேள்விதான் ருசியான கேள்வி. ஆனால் பணம் போகிற காரியம் என்பதால் உங்களுடையதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கட்டாதீர்கள். கனடாவில் கணக்கு ஒன்றல்ல, இரண்டு. 67 என்பது 100க்கு. வரிசையில் நிற்க அனுமதிக்கும் மார்க், அவ்வளவுதான். 2015இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்த பிறகு, வரிசையில் நிற்பவர்களை 1200க்கு இன்னொரு கணக்குப் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். மேலே இருப்பவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் விவரத்தையே போட்டுப் பார்த்தேன். பி.இ. பட்டத்துக்கு 21, நான்கு வருட வேலைக்கு (அது தேர்ச்சி பெற்ற வேலை என்று ஒத்துக்கொண்டால்) 13, வயதுக்கு 12. ஆகமொத்தம் 46. மிச்சம் ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெயினிங் தேர்வு. நான்கு பிரிவிலும் 6 வாங்கினால் 16 கிடைக்கும், 62தான் ஆகிறது. கேட்பதில் 8, மற்ற மூன்றில் 7 என்று வாங்கினால் 24, 70 ஆகிவிடும். நீங்கள் இன்னும் தேர்வே எழுதவில்லை என்கிறீர்கள். எழுதாத பரீட்சைக்கு மார்க் போட்ட ஏஜென்டின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த 70ஐ வைத்துக்கொண்டு உள்ளே போனாலும், 1200க்கான கணக்கில் உங்களுக்கு வருவது 429. கல்யாணம் ஆகாதவர், 29 வயது என்பதால் வயதுக்கு முழு 110 கிடைக்கிறது. முப்பது பிறந்த அன்றைக்கே அதில் 5 போய்விடும். அப்புறம் நாற்பது வரை ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஐந்தோ ஆறோ கழியும், நாற்பதுக்கு மேல் பதினொன்று கூடக் கழியும், 45இல் சுழி. 2024இல் பொதுவாகக் கூப்பிட்ட சுற்று ஒவ்வொன்றிலும் 520க்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் அழைப்பு போனது. உங்கள் 429க்கும் அதற்கும் நடுவில் உள்ள பள்ளத்தை 'ஜாப் ஆஃபர்' வாங்கி நிரப்பிவிடலாம் என்று யாராவது விலை சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். அதற்கிருந்த பாயின்ட்டை 2025 மார்ச் 25ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள்.

இப்போது அப்பாவுக்கு. கனடாக்காரர்கள் உலகத்து வேலைகளுக்கெல்லாம் ஐந்து இலக்க எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டாவது இலக்கம்தான் சூட்சுமம். அது 0 முதல் 3 வரை இருந்தால் தேர்ச்சி பெற்ற வேலை. 4, 5 என்றால் இந்த வழி அடைபட்டது. கையால் நெய்கிறவர், குயவர் போன்ற கைவினைஞர்களுக்கு 53124. ஆலையில் இயந்திரத் தறி ஓட்டுகிறவருக்கு 94131. ஆக, கையால் கோர்வை போட்டு நெய்கிற உங்கள் அப்பா தேர்ச்சி பெற்றவர். ஒரகடத்தில் கார் லைனில் நிற்கிற நீங்கள், ஆபரேட்டர் என்று எழுதினால், 94200. அதாவது 4. இன்ஜினியரிங் படித்த பிள்ளை விழுந்த இடத்தில், பள்ளிக்கூடம் தாண்டாத தகப்பன் தேறிவிட்டார்!

சந்தோஷப்பட அவருக்கு நேரமில்லை. வயதுக்கு அவருக்குச் சுழி. பள்ளிப் படிப்பு முடித்த சான்றும் ஆங்கில மார்க்கும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அதோடு, கூலி வாங்கிச் செய்த வேலை மட்டும்தான் அனுபவம். கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்தவருக்கு ஏதோ ஒரு பதிவு இருக்கும். முதலாளி வீட்டு நோட்டில் பென்சிலால் எழுதிய கணக்கை யார் ஒத்துக்கொள்வார்கள்? பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை நீங்கள் போட்டுக் கொடுத்தீர்களே, அதற்கும் ஒன்றுமில்லை.

நெசவாளர் ஊர் மாறுவது புதிய கதையல்ல. இன்றைய குஜராத் பக்கத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் குழு மாளவத்துத் தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) குடிபோய், அங்கே கி.பி. 437இல் சூரியனுக்குக் கோயிலும் கட்டியதை மந்தசோர் கல்வெட்டு சொல்கிறது. நெய்த துணி அவர்களுக்குச் சான்றாகப் போதுமானதாக இருந்திருக்கும். இங்கே காகிதம் பேச வேண்டும். உங்கள் ஹெச்.ஆர். கொடுக்கும் கடிதத்தில் பதவி, தேதி, வார மணிநேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்ற பட்டியல் எல்லாம் வேண்டும். பட்டியலுக்குத்தான் மதிப்பு, பதவிப் பெயருக்கு அல்ல. நீங்கள் உண்மையில் இயந்திர வடிவமைப்பிலோ சோதனையிலோ தொழில்நுட்ப வேலை பார்த்திருந்தால் 22301இல் சேர வாய்ப்புண்டு. பார்க்காததை எழுதி வாங்காதீர்கள். பொய் பிடிபட்டால் ஐந்து வருடம் கதவு சாத்திவிடுவார்கள். கையில் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க, வட்டிக்கு வாங்கியதை பேங்கில் ஒரு வாரம் போட்டுக் காட்டுவதும் அங்கே செல்லாது. ஆறு மாதக் கணக்கைக் கேட்பார்கள்.

கனடாவின் ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் இத்தனை பேர் எப்படிப் போனார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்களில் பெரும்பாலோர் 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாகவும், பின்னால் குடும்பமாகவும் போனவர்கள். 1967இல் கனடா கொண்டுவந்த பாயின்ட் முறையை அவர்களுக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரு வழி பிரெஞ்சு. நான்கு பிரிவிலும் ஏழாம் நிலை வந்தால், இன்றைய வயதுக்கு 429 என்பது 491 ஆகும். அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்று உண்டு; 2025 மார்ச்சில் அதில் 379க்கே கூப்பிட்டார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஷிப்டு வேலைக்கு நடுவில் ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும், லேசில் வராது. அந்த முன்பணத்தை அங்கே கட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஹெச்.ஆர். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயரையும் சம்பளத்தையும் மறைத்து ஒரு நகல் அனுப்பினால், எந்த எண்ணில் சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.