குரலைக் குடிவைக்க ஓர் இடம்



ரயில்வே சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் பணிபுரிந்து 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். படிப்பு டிப்ளமோ. கம்ப்யூட்டர் விஷயத்தில் பண்டிதன் அல்லன். இருந்தும் பாட்காஸ்ட் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே பாடத்துக்கு வருகிறேன்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது நம் சங்கக் கூட்டங்கள் நின்றுபோயின. அப்போது செயற்குழுவில் இருந்த ஓர் இளைஞர் நல்ல காரியம் ஒன்று செய்தார். நாகபுரிக்கு முதலில் வந்து குடியேறிய நம் பெரியவர்களைத் தொலைபேசியில் பேசவைத்து, பதிவு செய்து, இலவச ஹோஸ்டிங் சேவை ஒன்றில் ஏற்றினார். மொத்தம் 14 பதிவுகள். அவற்றில் ஒன்று, ரயில்வே காலனியில் எல்லாரும் ‘பெரியம்மா’ என்று அழைத்த மூதாட்டியுடையது. 1958-இல் கல்யாணமான கையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியதையும், ஊரிலிருந்து தெரிந்தவர் கையில் கருவேப்பிலைக் கட்டு வரும் நாளில் காலனியே ஸ்டேஷனில் கூடியதையும் 40 நிமிடம் பேசினார். கடைசியில் தம் தாயார் பாடிய தாலாட்டையும் பாடினார்.

2024-இல் பெரியம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த பேத்தி என்னிடம், “மாமா, பாட்டி பேசினது சங்கத்துல இருக்குமே, ஒரு தடவை போடுங்களேன்” என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை. அந்நிறுவனம் இலவசத் திட்டத்தை முந்திய ஆண்டே நிறுத்தி, பழைய பதிவுகளை அழித்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பித்தான் இருக்கிறார்கள். அது அந்த இளைஞரின் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் பெங்களூருக்கு மாறி அந்தக் கணக்கையே திறப்பதில்லை. மூலப்பதிவு இருந்த போனும் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு நிமிடத் துண்டு மட்டும் மிஞ்சியது. கருவேப்பிலைக் கதை நடுவில் அறுந்துவிடுகிறது. தாலாட்டு இல்லை.

அந்தப் பெண் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நம் பிள்ளைகளில் பலர் அப்படித்தான். பாட்டி எழுதி வைத்திருந்தாலும் அவளுக்கு அது எட்டியிராது; குரல்தான் எட்டும். அந்தக் குரலை நாம் தொலைத்துவிட்டோம். மீண்டும் தொடங்க வேண்டும், இம்முறை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று செயற்குழு என்னிடம் பொறுப்பைத் தந்தது. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

மூன்று வெவ்வேறு பொருள்கள்

பாட்காஸ்ட் என்பதில் மூன்று உறுப்புகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, ஒலிக்கோப்பு. பெரும்பாலும் எம்பி3 வடிவில் இருக்கும். இதை வைத்திருந்து, கேட்போருக்கு அனுப்பும் கிடங்குதான் ஹோஸ்டிங் சேவை. இதில் முதலாவதாக அறியப்படும் லிப்சின் 2004-இல் தொடங்கியது. பாட்பீன், பஸ்ஸ்பிரவுட் முதலியவை பின்னர் வந்தன.

இரண்டாவது, ஃபீட். இது ஆர்.எஸ்.எஸ். என்னும் முறையில் எழுதப்பட்ட ஒரு பட்டியல். நாகபுரியில் இருந்துகொண்டு ஆர்.எஸ்.எஸ். என்றால் வேறு நினைவு வரும். இது ‘ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்’ என்பதன் சுருக்கம். நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பதிவின் தலைப்பு, தேதி, கோப்பு இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். கூட்ஸ் வண்டியின் வேகன் பட்டியலைப் போன்றது. இந்தப் பட்டியலுக்கு ஒரு முகவரி உண்டு. பாட்காஸ்டின் உயிர்நாடி அந்த முகவரிதான்.

மூன்றாவது, கேட்பவர் பயன்படுத்தும் செயலி. ஆப்பிள், ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் நாம் ஒருமுறை ஃபீட் முகவரியைப் பதிந்தால் போதும். அவை பட்டியலை அவ்வப்போது பார்த்துப் புதிய பதிவைக் காட்டிவிடும். பொதுவாக ஒலிக்கோப்பு அவர்களிடம் குடியிருப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு ஓர் உதாரணம். கூகுள் பாட்காஸ்ட்ஸ் என்னும் செயலி 2024-இல் உலகெங்கும் மூடப்பட்டது. ஆனால் அதனால் எந்த நிகழ்ச்சியும் அழியவில்லை. ஃபீடும் கோப்பும் ஹோஸ்டிடம் இருந்தன. கேட்பவர்கள் வேறு செயலிக்கு மாறிக்கொண்டார்கள். செயலி மூடினால் ஒரு ஸ்டேஷன் மூடியது போல. ஹோஸ்ட் மூடினால் தண்டவாளத்தையே பெயர்த்தது போல.

சிக்னல்காரன் கேட்கும் கேள்வி

ஹோஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது “என்னென்ன வசதி உண்டு?” என்பது. சிக்னல் வேலையில் நாங்கள் முதலில் கேட்பது “கெட்டுப்போனால் என்ன ஆகும்?” என்பது. பழைய கைமரத்தில் கம்பி அறுந்தால், எடையின் பலத்தால் கை தானே கிடைமட்டத்துக்கு வந்து ‘நில்’ என்று காட்டும். பழுது வந்தாலும் விபத்து வராது. அதே கண்ணோடு ஹோஸ்டையும் பார்க்க வேண்டும். உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறிய நமக்கு இது புதிதல்ல. குவார்ட்டர்ஸ் மாறும்போது தபால் ஆபீஸில் புது முகவரி எழுதிக் கொடுப்போமே, அதே ஏற்பாடு ஃபீடுக்கும் உண்டு. பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவதை 301 திசைமாற்றம் என்கிறார்கள். மாறிய பின் குறைந்தது நான்கு வாரமாவது அது இருக்கவேண்டும் என்பது ஆப்பிளின் அறிவுரை. அதை நிறுவ வேண்டியவர் பழைய ஹோஸ்ட். அவர் மறுத்தாலோ மறைந்துவிட்டாலோ, நம் கேட்பவர்கள் பழைய வாசலிலேயே நின்றுபோவார்கள். ஆகவே “திசைமாற்றம் தருவீர்களா? சந்தா முடிந்த பிறகும் எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்?” என்று சேரும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஃபீடில் ஒரு நிரந்தர அடையாளக் குறி உண்டு. இடம் மாறும்போது அதுவும் மாறாமல் வரவேண்டும். மாறினால் பழைய பதிவுகள் எல்லாம் புதியவை போல மறுபடி வந்து குவியும்.

பெரிய நிறுவனம் என்றால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டாம். ஆங்க்கர் என்னும் இலவசச் சேவையை 2019-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2023-இல் அது ‘ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ்’ ஆயிற்று. 2024-இல் ‘ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ்’ ஆயிற்று. சேவை தொடர்ந்தது உண்மைதான். ஆனால் ஐந்தாண்டுக்குள் உடைமையும் பெயரும் மாறக்கூடிய தொழில் இது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேச்சுக்கு 64 கிலோபிட் மோனோ பதிவு தாராளம். நொடிக்கு 8 கிலோபைட். அரை மணிக்கு 14.4 மெகாபைட். மாதம் இரண்டு பதிவு என்றால் ஆண்டுக்கு சுமார் 346 மெகாபைட். ஒரு பதிவை 250 பேர் இறக்கிக் கேட்டால் 3.6 கிகாபைட் போக்குவரத்து. நம்மைப் போன்ற சங்கத்துக்குச் சிறிய திட்டமே போதும்.

சில நிறுவனங்கள் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்றும், சில இத்தனை மெகாபைட் என்றும், சில இத்தனை பதிவிறக்கம் என்றும் விற்கின்றன. மூன்றையும் மேற்கண்ட கணக்கால் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். இலவசத் திட்டமானால் இரண்டு கேள்விகள் கூடுதல்: பதிவு எத்தனை நாள் இருக்கும்? விளம்பரம் நுழைப்பார்களா? 90 நாளுக்குப்பின் பதிவை எடுத்துவிடும் இலவசத் திட்டங்களும் வந்ததுண்டு. வாரச் செய்திக்கு அது சரி. பாட்டியின் குரலுக்குச் சரியாகாது.

“சொந்த இணையதளத்தில் போட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். போடலாம். ஆனால் கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும் வசதி அந்த சர்வரில் இருக்கவேண்டும். ஆப்பிள் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விலை குறைந்த சர்வர் ஒரே நேரத்தில் பலர் வந்தால் திணறும். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். நம்மிடம் ஆள் இல்லை.

பொருளாளர் கவனத்துக்கு

இச்சேவைகளில் பலவும் வெளிநாட்டவை. கட்டணம் டாலரில், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி., வங்கியின் மாற்றுக் கட்டணம். கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ளாத நிறுவனத்துக்குப் பணம் போகாமல் திரும்பிவிடும். நாம் கட்டியதாக நினைத்திருப்போம். அவர்கள் கட்டவில்லை என்று கணக்கை மூடுவார்கள். ஆகவே ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டி, அடுத்த தேதியைச் சங்க நாட்குறிப்பில் எழுதிவிடுவது நல்லது.

இதைவிட முக்கியம், கணக்கு யார் பெயரில் என்பது. தனி மனிதரின் மின்னஞ்சலில் சங்கத்தின் கணக்கு இருக்கக்கூடாது. சங்கத்துக்கென ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் மூடிய உறையில், செயலாளரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. தேர்தலுக்குப்பின் மினிட் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல் இதையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். 14 பதிவுகள் போனதற்கு இலவசத் திட்டம் பாதிக் காரணம். இந்த ஒழுங்கு இல்லாதது மறு பாதி. அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒருவர்தான் வேலை செய்தார். நாங்கள் கைதட்டினோம்.

மூலப்பிரதி நம் வீட்டில்

ஹோஸ்ட் என்பது ஊருக்குப் பகிரும் இடம். பாதுகாக்கும் பெட்டகம் அல்ல. சுருக்காத வேவ் கோப்பு அரை மணிக்குச் சுமார் 160 மெகாபைட். ஆண்டுக்கு 24 பதிவு என்றாலும் 4 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு பிரதி சங்க அலுவலக ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறொருவர் வீட்டில், ஒன்று பேசியவர் குடும்பத்தினரிடம் பென் டிரைவில். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவும் ஒரு பிரதி வைக்கலாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி அதுவும் சில நாள் முடங்கியது. எனவே எந்த ஓர் இடத்தையும் தனியாக நம்பவேண்டாம். தன் கையே தனக்குதவி.

சில சில்லறைக் குறிப்புகள். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். நிகழ்ச்சியின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறியுங்கள். முகப்புப் படம் சதுரமாக 1400 புள்ளிக்குக் குறையாமல் 3000-க்கு மிகாமல் இருக்கவேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள். உரிமைச் சிக்கல் வரும். பேசுபவரிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

1. ஃபீடையும் எல்லாக் கோப்புகளையும் நாமே இறக்கிக்கொள்ள முடியுமா?
2. வெளியேறினால் திசைமாற்றம் உண்டா? எத்தனை காலம்?
3. சந்தா தவறினால் பதிவு எத்தனை நாள் தங்கும்?
4. அளவு எதில்: மணியா, மெகாபைட்டா, பதிவிறக்கமா?
5. நம்மைக் கேட்காமல் விளம்பரம் சேர்ப்பார்களா?
6. கணக்கு சங்கத்தின் பெயரில் உள்ளதா?
7. மூலப்பிரதி மூன்று இடத்தில் உள்ளதா?

ஏழுக்கும் சரியான பதில் தந்த ஒரு சிறிய கட்டணத் திட்டத்தை நாம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். விளம்பரமாகிவிடும் என்பதால் பெயர் எழுதவில்லை. முதல் பதிவாக, பெரியம்மாவின் அந்த ஆறு நிமிடத்தையே ஏற்றினோம். அறுந்த இடத்தில் பேத்தி தொடர்ந்து, பாட்டி வீட்டில் சொல்லக் கேட்டதைத் தன் தமிழில் சொல்லி முடித்திருக்கிறாள். தாலாட்டு அவளுக்கு முழுதும் நினைவில்லை. அந்தப் பாட்டைப் பெரியம்மா பாடக் கேட்டவர் யாரேனும் காலனியில் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்தில் பதிவு நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் மைக்கை எடுத்துக்கொண்டு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.