ஸ்டீயரிங் கனக்கிறதா? வாசலிலேயே செய்யலாம் பவர் ஸ்டீயரிங் பராமரிப்பு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி என்று எந்தப் பக்கம் போனாலும் சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கும் டிரைவர்களைப் பார்க்கலாம். பழைய இன்னோவா, பொலிரோ, டவேரா ஆகியவைதான் அவர்களுடைய முதல். என்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுகிறார்கள். டயர், பேட்டரி, பிரேக் எல்லாவற்றிலும் கண் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் ஆயில் மட்டும், வண்டி ஒடிக்க முடியாமல் கனத்து, பம்ப் ஊளையிட ஆரம்பித்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் ஆயில் மாற்றியே முடிந்திருக்க வேண்டிய வேலை, பம்ப்பையும், சக்கரங்களைத் திருப்பும் ராக்கையும் கழற்றும் வேலையாக வளர்ந்துவிடுகிறது.

சொந்த வண்டிக்காரருக்கும், மெக்கானிக் ஷெட்டில் தொழில் பழகும் இளைஞருக்கும் சேர்த்தே இந்த வழிகாட்டி. இருவரும் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் ஒரு மூடிய அமைப்பு. அதில் உள்ள ஆயில் என்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறையாது. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். குறைந்ததை ஊற்றி நிரப்ப யாராலும் முடியும். எங்கே கசிகிறது என்று தொட்டுக் காட்டுபவரே மெக்கானிக்.

முதல் கேள்வி: இந்த வண்டியில் ஆயில் உண்டா?

பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட சிறிய ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஹைட்ராலிக் வகை. என்ஜின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப், ஆயிலை அழுத்தத்தோடு ராக்குக்கோ ஸ்டீயரிங் பாக்ஸுக்கோ அனுப்புகிறது. நீங்கள் ஒடிக்கும் பக்கம் அந்த அழுத்தம் தள்ளிக்கொடுக்கிறது. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஓஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது.

டப்பாவே இல்லை, சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைகிறது என்றால் அது இ.பி.எஸ். எனப்படும் மோட்டார் வகை. 1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் வந்த இந்த முறை, இன்று மாருதி ஸ்விஃப்ட், வேகன்ஆர் உட்படப் பெரும்பாலான சிறிய கார்களில் இருக்கிறது. இதில் மாற்ற ஆயில் கிடையாது. கனத்தால் பேட்டரி வோல்ட்டேஜ், டெர்மினல், எர்த் ஒயர், ஃபியூஸ் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ஸ்கேனர் போட வேண்டும். இந்த வண்டிக்கு “ஸ்டீயரிங் ஆயில் மாற்றினேன்” என்று யாராவது பில் கொடுத்தால், அது பொய் பில்.

கனம் என்றதும் ஆயிலைத் தொடாதீர்கள்

“தம்பி, ரெண்டு நாளா வண்டிய ஒடிக்கவே முடியலப்பா. ஆயில மாத்திடு.”

“மாத்திடலாம்ண்ணா. முன் டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?”

ஷெட்டில் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும். முன் டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். அடுத்தது பெல்ட். காலையில் ஸ்டார்ட் செய்து ஒடிக்கும்போது ‘கிரீச்’ என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. ஒடிக்கும்போது மட்டும் ‘ஊ’ என்று பம்ப் ஊளையிட்டால் ஆயில் குறைவு, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. மூன்றாவதாக, முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, என்ஜினை அணைத்தபடி ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் கோளாறு பால் ஜாயின்ட்டிலோ, ஸ்டீயரிங் கம்பியின் ஜாயின்ட்டிலோ இருக்கலாம். எத்தனை லிட்டர் புது ஆயில் ஊற்றினாலும் அது சரியாகாது.

ஆயிலின் நிறமும் கசியும் இடமும்

ஒரு வெள்ளைத் தாளில் பழைய ஆயிலை இரண்டு சொட்டு விட்டு வெயிலில் பாருங்கள். சிவப்பாக, தாள் தெரியும்படி தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பானால் மாற்றும் காலம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் நெடுநாள் சூட்டில் கெட்டுப்போனது. சொட்டுக்குள் மினுமினுவென்று பொடி தெரிந்தால் பம்ப் தேய்கிறது. அதை வண்டிக்காரரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆயில் மாற்றினாலும் பம்ப் அதிக நாள் தாங்காது. நுரை தெரிந்தால் காற்று. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. சில கம்பெனி ஆயில்கள் புதிதிலேயே பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அவற்றைச் சிவப்போடு ஒப்பிடாதீர்கள்.

கசிவு தேட ஐந்து இடங்கள் உண்டு. டப்பாவின் அடியில் உள்ள கிளாம்ப், ரிட்டர்ன் ஓஸ், பிரஷர் ஓஸில் ரப்பரும் இரும்பும் சேரும் இடம், பம்ப் ஷாஃப்ட் சீல், ராக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் பூட். பூட்டை விரலால் அமுக்குங்கள். உள்ளே ஆயில் ததும்பினால் ராக் சீல் போய்விட்டது.

சாலவாக்கம் பக்கம் கல்குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளில், கசியும் இடமெல்லாம் தூசி அப்பிக் கருஞ்சேறாகக் கிடக்கும். அதைப் பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, வண்டியை ஓட்டிவிட்டு, இரவு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். துடைக்காமல் தேடினால் தப்பான ஓஸைத்தான் மாற்றுவீர்கள்.

எந்த ஆயில்?

டப்பா மூடியிலும் வண்டியோடு வந்த புத்தகத்திலும் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 ரக ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று டொயோட்டா சொல்கிறது. ஹோண்டா தன் சொந்த ஆயிலைத்தான் கேட்கும். ஐரோப்பிய கார்கள் பலவற்றுக்குப் பச்சை நிற செயற்கை ஆயில். டிராக்டர்களின் பவர் ஸ்டீயரிங் அமைப்பே வேறு. காரில் செய்ததை அங்கே அப்படியே செய்யாமல் டிராக்டர் புத்தகத்தைப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. அது பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை ஊற்றிய வண்டி, பிறகு ராக் முழுவதையும் கேட்கும்.

ஆயில் மாற்றும் முறை

கார்களில் இந்த அமைப்பு முழுவதற்கும் ஏறத்தாழ 1 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். கழுவி எடுக்க 2 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிரிஞ்சு, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப், காலி பாட்டில், கட்டிங் பிளேயர், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை, பனியன் வேஸ்ட் ஆகியவை போதும். உடன் ஓர் ஆள் வேண்டும்.

எளிய வழி ஒன்று உண்டு. டப்பாவில் உள்ள ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, புது ஆயிலை அளவுக் கோடு வரை ஊற்றி, சில நாள் ஓட்டுங்கள். நிறம் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஓஸைக் கழற்ற வேண்டாம், காற்றும் புகாது. முதன்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

முழுவதையும் ஒரே நாளில் மாற்ற:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்.

2. மூடியைத் திறக்கும் முன் டப்பாவைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துகள் பம்ப்பைக் கீறும்.

3. டப்பாவைச் சிரிஞ்சால் காலி செய்யுங்கள். அடியில் வலை இருந்தால் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். வலை அடைத்தாலும் பம்ப் ஊளையிடும்.

4. ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி, அதன் முனையில் டியூபைச் செருகிப் பாட்டிலுக்குள் விடுங்கள். டப்பாவில் ஓஸ் இருந்த வாயை இறுக்கமாக அடையுங்கள். டப்பாவைப் புது ஆயிலால் நிரப்புங்கள்.

5. என்ஜின் ஓடக் கூடாது. சாவியை ஸ்டீயரிங் லாக் விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகச் சுற்ற வேண்டும். மற்றவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் டியூபில் கறுப்பு வரும், பிறகு பழுப்பு, கடைசியில் புது ஆயிலின் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்டதும் நிறுத்துங்கள்.

6. ரிட்டர்ன் ஓஸைப் பழையபடி மாட்டிக் கிளாம்ப் போடுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் பழையதையே மாட்டாமல் புதிது போடுங்கள்.

7. இனி காற்றை எடுக்க வேண்டும். என்ஜினை அணைத்தபடியே 15, 20 முறை கடைசிக்குக் கடைசி மெதுவாகச் சுற்றி, குறையக் குறைய நிரப்புங்கள். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் சில முறை சுற்றுங்கள். டப்பாவில் நுரை தெரிந்தால் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரை அடங்கியதும் மீண்டும் செய்யுங்கள்.

8. வண்டியை இறக்கி, அளவைப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எல்லா ஜாயின்ட்டையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ரிட்டர்ன் ஓஸைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டாதீர்கள். வேகமாக முடிக்க வேண்டும் என்று சிலர் செய்கிறார்கள். நொடிக் கணக்கில் டப்பா காலியாகி, பம்ப் வறண்டு சுற்றும். என்ஜின் ஓடும்போது பிரஷர் ஓஸின் கசிவைக் கையால் தொட்டுத் தேடாதீர்கள். அங்கே இருப்பது உயர் அழுத்தமும் சூடும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டை, கையில் தளர்ந்த கயிறு ஆகியவற்றோடு ஓடும் பெல்ட் அருகே குனியாதீர்கள்.

ஓட்டும்போது ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பம்ப் முழு அழுத்தத்தில் முட்டி நிற்கிறது, ஆயில் கொதிக்கிறது. சந்தில் திருப்பும்போது இந்தப் பழக்கத்தை விட்டாலே பம்ப்பின் ஆயுள் கூடும்.

கழற்றிய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம்முடையது ஏரி மாவட்டம். வாசலில் ஊற்றும் ஆயில் மழையில் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும்படி கொடுங்கள்.

இதைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு

மேலே சொன்ன சாமான் ஒரு பையில் அடங்கும். வண்டிக்காரர் வீட்டு வாசலுக்கே போய்ச் செய்துதர முடிந்த வேலை இது. களியாம்பூண்டியிலோ மானாம்பதியிலோ இருப்பவர் ஒரு நாள் ஓட்டத்தைவிட்டு வண்டியை டவுனுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த மிச்சமே உங்களைத் தேடி வர வைக்கும்.

ஷெட்டில் கைவேலை பழகியவர்கள் அத்தோடு நிற்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேரலாம். அதன்பின் 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பயிற்சி உண்டு. வாய்ப்பு தூரத்தில் இல்லை. வாலாஜாபாத் பக்கம் வாரணவாசியில் ரானே மெட்ராஸின் ஸ்டீயரிங் தொழிற்சாலை இருக்கிறது. அந்தச் சாலையிலேயே போனால் ஒரகடம் தொழிற்பேட்டை, அதைத் தாண்டினால் 1998 முதல் கார் உற்பத்தி செய்யும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். ஒடிக்கும் பக்கத்துக்கு ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிடும் ரோட்டரி வால்வு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரிந்த பையனுக்கு நேர்காணலில் மதிப்பு தனி. ஊரிலேயே தொழில் வைப்பவர்கள் இப்போதே ஒரு ஸ்கேனர் வாங்கி இ.பி.எஸ். பழகுங்கள். ஹைட்ராலிக் வண்டிகள் இன்னும் பல ஆண்டு ஓடும், ஆனால் புதிதாக வருவது குறைந்துகொண்டே போகிறது.

கடைசியாக, கணக்கு. வண்டி எண், தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர், கசிவு இருந்த இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆயில் விலையையும் கூலியையும் பில்லில் தனித்தனியாகக் காட்டுங்கள். மாற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலையில் இடம்பெறக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டில் சபைக்கு இருந்த அந்த நேர்மை இன்று ஒரு ஷெட்டுக்கும் பொருந்தும்.

டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை அளவு, 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இந்த வாரமே பானெட்டைத் திறந்து அந்தச் சிறிய டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றச் சொல்லாதீர்கள், ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.