கேட்பவரின் வரம்புகள்: கண்டியில் தன்னார்வத் தோழமை

தன்னார்வத் தோழமை என்பது, உறவினரோ வைத்தியரோ அல்லாத ஒருவர் பயிற்சி பெற்று, ஊதியம் எதிர்பாராமல், தனிமையிலோ மனச்சோர்விலோ வாடும் ஒருவருக்குக் குறித்த நேரத்தை ஒதுக்கி அவர் சொல்வதைக் கேட்கும் பணியாகும். தொழில்முறை ஆலோசகர் வழங்கும் உளவளத்துணையிலிருந்து இது வேறுபட்டது. இங்கே நோய் இன்னதென்று கண்டறிவதோ சிகிச்சை அளிப்பதோ நோக்கமன்று. 1953ஆம் ஆண்டு லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணம் கொண்டோருக்கென ஒரு சேவையைத் தொடங்கியபோது, அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தொண்டர்களிடமே பலர் ஆறுதல் பெற்று, அவரைப் பார்க்காமலே திரும்பிச் சென்றதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அந்த மரபைத் தழுவி 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ரயோ என்ற இலங்கை அமைப்பு, கண்டியிலும் கிளை கொண்டு, இலவசமாகவும் இரகசியம் பேணியும் செயற்பட்டு வருகிறது.

இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தைத் தொட்டுப் பின்னர் பெரிதும் குறைந்தது. அதிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே அதன் முதன்மைக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுவதால், தோழமை அமைப்புகள் அப்பெருமைக்கு உரிமை கோருவது முறையன்று. எனினும், தொடர்ந்து விசாரிப்பதற்கு ஒருவர் இருப்பதன் பயன் தனியே சோதித்தறியப்பட்டுள்ளது. சென்னையும் கொழும்பும் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வில், உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலைக்கு வந்தோருள் ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு ஒரு மணி நேர விளக்கமும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும் வழங்கப்பட்டன. அவர்களுள் 0.2 சதவீதத்தினரே பின்னர் தற்கொலையால் இறக்க, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரிடையே அது 2.2 சதவீதமாக இருந்ததென 2008இல் வெளியான முடிவு காட்டியது. அங்கே விசாரித்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். எனினும், தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதி முகாம்களில் மனநல வைத்தியர் லக்ஷ்மி விஜயகுமார் குழுவினர் பயிற்சி பெற்ற சமூகத் தொண்டர்களைக் கொண்டு நடத்திய முயற்சியும் நம்பிக்கை தரும் பயனையே கண்டது.

கண்டியில் தனிமை பல வடிவங்களில் வாழ்கிறது. பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, கட்டுகஸ்தோட்டையில் பெரிய வீட்டில் எஞ்சிய முதியவருடையது ஒன்று. வடக்கிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து, சிங்களம் பேசத் தயங்கி அறைக்குள் ஒடுங்கும் மாணவருடையது இன்னொன்று. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய ஊர்களின் தேயிலைத் தோட்டங்களின் தனிமையோ புறப்பார்வைக்குத் தெரிவதே இல்லை. லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ்த் தொடராக அமைந்த அறைகளில், ஓர் அறையின் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்கும். சுற்றிலும் ஆட்கள் இருப்பதாலேயே மனத்திலுள்ளதைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. மனைவி வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போன பின் பிள்ளைகளோடு இருக்கும் ஆணும், மகனைப் பறிகொடுத்த தாயும், "ஒரே யோசனைங்க, தூக்கம் வரமாட்டேங்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வர். அதைத் தலையிடியாகக் கருதி மாத்திரை வாங்கிக் கொடுப்போரே மிகுதி.

ஆகவே எங்கே, எப்போது பேசுவது என்பதே தொண்டர் முதலில் கற்க வேண்டிய பாடமாகிறது. கொழுந்து நிறுத்து முடிந்து, சமையலும் தொடங்காத மாலைப்பொழுதில் இஸ்தோப்பில், அதாவது அறையின் முன்திண்ணையில், அமர்ந்தால் ஊர்க்கதையே நடக்கும். பீலிக்கு நீரெடுக்கச் செல்லும் வழியிலோ ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும் பாதையிலோ உடன் நடந்தால்தான் உண்மைப் பேச்சு வெளிவரும். கொடுக்கும் தேத்தண்ணியை மறுப்பது அவ்வீட்டை அவமதிப்பதாகும்; ஆனால் தேத்தண்ணிக்கு மேல் எதையும் பெறுவதும், பணமோ பொருளோ கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை, ஏனெனில் கடன்பட்ட உணர்வு புகுந்த இடத்தில் மனம் திறந்து பேசுவது நின்றுவிடும்.

கேட்கும்போது அறிவுரை சொல்லத் துடிக்கும் நாவை அடக்குவது, பயிற்சியிலேயே மிகக் கடினமான பகுதியாகும். "எல்லாம் சரியாகிவிடும், யோசிக்காதீங்க" என்ற ஒரு சொல்லே பேச்சை மூடிவிடப் போதுமானது; "அதுக்கப்புறம் என்னாச்சுங்க?" என்பதோ அதை நீட்டிக்கிறது. மதபோதனைக்கும் இதில் இடமில்லை. விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவை அருகருகே உள்ள இந்நகரில் இவ்விதியை மீறும் ஆசை எல்லாத் தரப்பிலும் உண்டு. வாழ்வே வேண்டாம் என்ற தொனி கேட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என நேரடியாகக் கேட்பதே முறை. அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற பரவலான அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. ஆம் எனப் பதில் வந்தால் அவரைத் தனியே விடாது, ஆபத்தான பொருள்களை அகற்றி, வைத்தியசாலைக்கோ தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இருபத்துநான்கு மணிநேர இலக்கத்துக்கோ தொடர்புபடுத்த வேண்டும். உயிராபத்து இருக்குமிடத்தில் உதவி தேடுவதற்காக இரகசியத்தைத் தளர்த்த நேரும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தல் நேர்மை.

நேரம் தவறாமையின் மதிப்பைப் புதிய தொண்டர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள். வாரந்தோறும் வருவதாகச் சொல்லி மூன்று வாரம் வராதவர், ஒருபோதும் வராதவரைவிட அதிகம் காயப்படுத்துகிறார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பஸ் ஓடாத நாட்களுண்டு என்பதால், மாதமிருமுறை எனச் சொல்லி அதைக் காப்பதே மேல். இந்த ஒழுங்கு நீடிக்கத் தொண்டருக்கும் துணை தேவை: பயிற்சிப் பொறுப்பாளரிடம் தன் சுமையை இறக்கிவைக்க வழியற்ற தொண்டர் விரைவில் ஓய்ந்துவிடுவார்.

தோழமையை முடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தொண்டர் ஊர் மாறுவதோ குறித்த காலம் நிறைவுறுவதோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, இடைவெளி மெல்ல நீட்டப்பட்டு, அந்நேரத்திற்குள் அண்டைவீட்டார், கோயில் கூட்டம், முதியோர் சங்கம் என வேறோர் இணைப்பு உருவாக்கப்பட வேண்டும். திடீரெனத் தொலைபேசிக்குப் பதிலளிக்காமல் விலகுவதை எந்த வேலைப்பளுவும் நியாயப்படுத்தாது. புதிய தொண்டரிடம் பொறுப்பை மாற்றும்போது பழையவர் முதல் சந்திப்பில் உடனிருந்து அறிமுகம் செய்வதோடு, தமிழ் பேசுபவரிடமிருந்து தமிழ் பேசுபவருக்கே அது மாறுகிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.