கல்லான பாசிகளும் வாழும் உறவினரும்

பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டும், அதில் வழுக்கி விழுந்த கதையுமே நம் நினைவுக்கு வரும். மென்மையான பாசிக்கும் கடினமான பாறைக்கும் என்ன உறவு? எங்கள் அறிவியல் அறையில் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்று உள்ளது. "சிமெண்டுக் கல்தானே!" என்று இதுவரை அலட்சியமாக இருந்தோம். அத்தகைய கற்களில் கடல் தாவரங்கள் புதைந்திருப்பதுண்டு என்று எங்கள் ஆசிரியை கூறியதும் வியப்படைந்தோம்.

சில கடற்பாசிகள் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைத் தம் உடலில் படியச் செய்கின்றன. இவையே சுண்ணாம்புப் பாசிகள். பாசி இறந்ததும் மென்மையான பகுதி அழுகிவிடும். சுண்ணாம்பு உறை சேற்றில் புதைந்து கல்லாகும். அக்கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், உறையில் துளைகள் தெரியும். கிளைகள் இருந்த இடங்களே அத்துளைகள்!

அன்றைய திருச்சி மாவட்டத்து நினியூர்ப் பாறைகளில் கிடைத்த இத்தகைய பாசிகளை எல். ராமராவும், ஆஸ்திரிய அறிஞர் யூலியஸ் பியாவும் 1936இல் விவரித்தனர். ஒன்றின் பெயர் டிசோகிளாடெல்லா சாவித்ரியே. மற்றொன்று இண்டோபோலியா சத்யவந்தி. எமனிடமிருந்து கணவனை மீட்ட சாவித்திரியின் பெயர் கல்லான தாவரத்திற்கு எத்துணைப் பொருத்தம்! இவை 6 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

இவற்றின் உறவினர் இன்றும் வெப்பக் கடல்களில் வாழ்கின்றனர். அவற்றுள் ஒன்று அசிட்டாபுலேரியா. சில சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தக் குடை வடிவப் பாசி முழுவதும் ஒரே செல்! இதன் குடைக்குள் இனப்பெருக்கத்திற்கான சிறு உருண்டைகள் உண்டாகின்றன. நினியூரில் கிடைத்த அசிக்குலேரியா என்னும் பாசியின் சுண்ணாம்பிலும் அவ்வுருண்டைகள் இருந்த குழிகள் உள்ளன. உறவைக் காட்டும் சான்று இதுவே.

மிகப் பழைய இனங்களில் இனப்பெருக்க உறுப்புகள் நடுத்தண்டிலும், பின்னர் கிளைகளிலும், அதன்பின் தனிப் பைகளிலும் அமைந்தன என்று பியா 1920இல் விளக்கினார்.

ஆயினும் தோற்றம் நம்மை ஏமாற்றவும் கூடும். 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சொலினோபோராவைச் சிவப்புப் பாசிகளின் மூதாதை என நெடுங்காலம் நம்பினர். அது பாசியன்று, கடற்பஞ்சு இனத்தைச் சேர்ந்த விலங்கு என்று 2004இல் ராபர்ட் ரைடிங் எடுத்துக்காட்டினார். ஒரே சீருடை அணிந்தவர் எல்லாரும் உடன்பிறந்தார் ஆவரோ?

தோழியரே! டைனோசர்கள் அழிந்த பேரழிவையும் இப்பாசிக் குலம் கடந்து வந்தது. இன்றோ நாம் வெளியிடும் கரியமில வாயு கடலில் கரைந்து, சுண்ணாம்பு படிவதைக் கடினமாக்குகிறது. கல்லில் மட்டுமே காணும் நிலை இவற்றிற்கு வரலாமா? இனி அந்தக் கல்லை அலட்சியமாகப் பார்க்க எங்களால் இயலாது.