கணினிக்கு வரும் நோயும் தீர்க்கும் முறையும்



உடலுக்கு நோய் வந்தால் நாம் மருத்துவரை நாடுகிறோம். பயிருக்கு நோய் வந்தால் மருந்து தெளிக்கிறோம். வீட்டு மரச்சட்டத்தில் கரையான் ஏறினால் புற்றைத் தேடி அழிக்கிறோம். நம் வீட்டுக் கணினிக்கு நோய் வந்தால் என்ன செய்வது? அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று கணினி வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. அண்ணன் பாடம் படிப்பதும், அப்பா கணக்குப் பார்ப்பதும், அம்மா வங்கிக்குப் பணம் செலுத்துவதும் ஒரே கணினியில்தான். ஆகவே அதற்கு வரும் கேடு வீட்டிலுள்ள அனைவரையும் தாக்கும். இதனை விளக்க, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுவோம்.

ஒரு வீட்டில் நடந்தது

கூலாய் வட்டாரத்தில் வாழும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றித் திரட்டேடு ஒன்று தயாரித்தாள். அவளுடைய பெயரை நாம் சொல்லப்போவதில்லை. இக்கட்டுரையை அவளும் படிப்பாள் அல்லவா? பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி அவளுடைய தாத்தா சொல்லச் சொல்ல, அவர் குரலைப் பதிவு செய்து ஒரு விரலியில் சேமித்து வைத்தாள். சில மாதங்களில் தாத்தா காலமானார். அக்குரல் இருந்த இடம் அந்த விரலி ஒன்றே.

திரட்டேட்டை அச்சிட அவ்விரலியைக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றாள். பலருடைய விரலிகளும் செருகப்படும் கணினி அது. வீடு திரும்பித் தன் கணினியில் செருகியபோது, கோப்புறைகளின் படங்களில் சிறு அம்புக்குறி தோன்றிற்று. ஒன்றைச் சொடுக்கினாள். திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. அதன்பின் கணினி மெதுவாக இயங்கியது. அழையாத விளம்பரங்கள் திரையில் தோன்றின.

‘அப்பா ஏசுவார்’ என்று அஞ்சி அவள் எவரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள்கள் கழிந்தன. அந்நான்கு நாள்களில் அவளுடைய தாயார் தம் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் அதே கணினியில் திறந்து பயன்படுத்தினார். ஐந்தாம் நாள் சிகாமட்டிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். “அண்ணி, அவசரமாக 800 வெள்ளி வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, உண்மைதானா?” என்று கேட்டார். தாயார் அப்படி ஒன்றும் எழுதவில்லை. அவருடைய மின்னஞ்சலுக்குள் வேறு எவரோ புகுந்துவிட்டார் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

நச்சுநிரல் என்பது யாது?

கணினி தானாகச் சிந்திப்பதில்லை. அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். நன்மை செய்யும் நிரல்கள் இருப்பது போலத் தீமை செய்யும் நிரல்களும் உள்ளன. இவை உயிருள்ள கிருமிகள் அல்ல. விசைப்பலகையைத் தொட்டால் நமக்குக் காய்ச்சல் வராது. இவை மனிதர் எழுதிய கட்டளைகளே.

பிற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே படியெடுத்துப் பரவுவது நச்சுநிரல். எவர் உதவியுமின்றி வலையமைப்பின் வழியே கணினிக்குக் கணினி ஊர்ந்து செல்வது புழு. விளையாட்டு அல்லது பயனுள்ள செயலி போல வேடமிட்டு உள்ளே நுழைவது மாய நிரல். நாம் தட்டும் எழுத்துகளையும், பார்க்கும் பக்கங்களையும், கடவுச்சொற்களையும் மறைந்திருந்து திருடி அனுப்புவது உளவு நிரல். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது பிணைப்பண நிரல். இவற்றுள் உளவு நிரல் கரையானைப் போன்றது. வெளியே சுவர் நன்றாகவே தோன்றும். உள்ளே மரம் அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.

வரலாறு கற்பிக்கும் பாடங்கள்

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘கிரீப்பர்’ என்னும் நிரல் கணினி விட்டுக் கணினி தாவிற்று. அது சோதனைக்காக எழுதப்பட்டது. அதனைத் தேடி அகற்ற ‘ரீப்பர்’ என்னும் மற்றொரு நிரல் எழுதப்பட்டது. நோய் பிறந்த சில காலத்திலேயே மருந்தும் பிறந்தது எனலாம்.

1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்னும் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ நச்சுநிரல், நெகிழ்தட்டுகளின் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. அன்று நெகிழ்தட்டு செய்த வேலையையே மாணவியின் வீட்டில் விரலி செய்தது. பொருள் மாறிற்று, வழி மாறவில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பறந்தது. அன்புக் கடிதம் என்று எண்ணி இணைப்பைத் திறந்தவர்களின் கோப்புகள் பாழாயின. இனிய சொல்லைக் கண்டு மயங்கக் கூடாது என்பது இதன் பாடம்.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் பிணைப்பண நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளைக்கூட நிலைகுலையச் செய்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதனைக் காலத்தில் நிறுவாத கணினிகளே பெரிதும் துன்புற்றன.

2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிருவாகப் பணிக்கென இணையத்துடன் இணைந்திருந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு அதனின்று தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. முக்கியமானதைத் தனியே பிரித்துக் காப்பது எத்துணை நன்மை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தீர்க்கும் முறை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் எது, அதன் காரணம் எது, அதனைத் தணிக்கும் வழி எது என்று முறையாக ஆராய்ந்தே மருத்துவம் செய்யச் சொல்கிறார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். அவ்வீட்டில் நாம் செய்தவற்றை வரிசையாகக் கூறுவோம். மாணவர்கள் இவற்றைப் பெற்றோருடன் சேர்ந்தே செய்தல் வேண்டும்.

முதலாவதாக, கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்தோம். திருடப்பட்டவை வெளியே போகாமலும், புதிய தீநிரல்கள் உள்ளே வாராமலும் இது தடுக்கும். வேறு விரலி எதனையும் அக்கணினியில் செருகவில்லை.

இரண்டாவதாக, தாயார் தம் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைக் கூறினார். பிறகு நோயற்ற வேறொரு கருவியில் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றினார். நோயுற்ற கணினியிலேயே கடவுச்சொல்லை மாற்றினால் என்ன ஆகும்? புதிய சாவியையும் திருடன் கையில் கொடுத்ததாகும்.

மூன்றாவதாக, கணினியில் நிறுவப்பட்டுள்ள நிரல்களின் பட்டியலைத் திறந்து, எவரும் நிறுவாத நிரல்களைக் கண்டறிந்து நீக்கினோம். இணைய உலாவியில் ஒட்டியிருந்த வேண்டாத நீட்சிகளையும் அகற்றினோம். கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்து ஓடும் நிரல்கள் எவை என்பதை, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் தோன்றும் பணி மேலாளரில் பார்த்தோம். பெயர் புரியாத காரணத்தால் மட்டும் ஒன்றை நீக்கிவிடக் கூடாது; கணினிக்குத் தேவையான நிரலாகவும் அது இருக்கலாம். விசாரித்தபின் நீக்குவதே முறை.

நான்காவதாக, விண்டோஸ் கணினியிலேயே உள்ள ‘டிஃபெண்டர்’ என்னும் பாதுகாப்பு நிரலைக் கொண்டு முழுச் சோதனை நடத்தினோம். விரைவுச் சோதனை சில இடங்களை மட்டுமே பார்க்கும். முழுச் சோதனை ஒவ்வொரு கோப்பையும் பார்க்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், பொறுமை வேண்டும். பிறகு சிறிது நேரம் மட்டும் இணையத்தை இணைத்துப் புதிய நச்சுநிரல்களின் அடையாளக் குறிப்புகளை இறக்கிக்கொண்டு மீண்டும் சோதித்தோம்.

ஐந்தாவதாக, அப்பாதுகாப்பு நிரலில் உள்ள ‘ஆஃப்லைன்’ சோதனையைத் தொடங்கினோம். சில தீநிரல்கள் விண்டோஸ் இயங்கும்போது அதனுள் ஒளிந்துகொள்ளும். இச்சோதனையோ விண்டோஸ் விழித்தெழுவதற்கு முன்பே நடைபெறும். வீட்டில் விளக்கு அணைந்திருக்கும்போது கையில் விளக்கேந்தித் திருடனைத் தேடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்வளவும் செய்தபின் மறுசோதனையில் குறை ஒன்றும் தென்படவில்லை. இவற்றாலும் தீராத நோய் உண்டு. அந்நிலையில் தேவையான கோப்புகளை மட்டும் படியெடுத்துச் சோதித்து வைத்துக்கொண்டு, விண்டோஸை முற்றிலும் அழித்துப் புதிதாக நிறுவுவதே இறுதி மருந்தாகும்.

தாத்தாவின் குரல்

விரலியை என்ன செய்வது? “எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நோய் போய்விடும்” என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். மாணவி அழத் தொடங்கினாள். அழிக்க வேண்டாம் என்று தடுத்தோம். ஏனெனில் இவ்வகை நச்சுநிரல் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் அம்புக்குறியுடன் கூடிய போலிப் படங்களை வைக்கிறது. அப்படத்தைச் சொடுக்குபவர் தம்மை அறியாமல் நச்சுநிரலையே இயக்கிவிடுகிறார்.

தூய்மையாக்கப்பட்ட கணினியில் விரலியைச் செருகி, எதனையும் திறவாமல் முதலில் சோதனை செய்தோம். தீநிரலும் போலிப் படங்களும் அகற்றப்பட்டன. பிறகு ‘அட்ரிப்’ என்னும் கட்டளையைக் கொண்டு கோப்புகளின் மறைவு நிலையை நீக்கினோம். கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒலிக்கோப்பைத் திறந்தபோது தாத்தா பேசினார். விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனதையும், மழை வந்தால் கூலி இல்லாமற் போனதையும் சொன்னார். வீட்டில் எவரும் பேசவில்லை. அன்றே அக்குரலை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தார்கள்.

வருமுன் காத்தல்

டிங்கிக் காய்ச்சலைத் தடுக்க நாம் என்ன செய்கிறோம்? பறக்கும் ஏடிஸ் கொசுவை அடிப்பதோடு நில்லாமல், தேங்கிய நீரையும் கொட்டுகிறோம். அதுபோலக் கணினியிலும் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும். அதற்குரிய வழிகள் வருமாறு:

1. விண்டோஸையும் பிற நிரல்களையும் காலந்தவறாமல் புதுப்பித்தல் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதனைப் பயன்படுத்தும் வீட்டார் அடுத்த வழியை ஆராய வேண்டும்.

2. முக்கியமான கோப்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும்.

3. வெளியே சென்று வந்த விரலியைச் சோதித்தபின்னரே திறத்தல் வேண்டும்.

4. “உங்கள் கணினியில் நச்சுநிரல் உள்ளது, இங்கே சொடுக்குக” என்று இணையப் பக்கத்தில் தோன்றும் எச்சரிக்கையை நம்பக் கூடாது. மருத்துவர் வேடமிட்டு நோயைக் கொண்டு வருபவர் அவர். ஒரே கணினியில் இரண்டு பாதுகாப்பு நிரல்களை ஓடவிடுவதும் ஆகாது, ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும்.

5. இலவசமாகக் கிடைக்கும் திருட்டு விளையாட்டுகளையும், புலனத்தில் அறியாதவர் அனுப்பும் செயலிக் கோப்புகளையும் நிறுவக் கூடாது. திறன்பேசியும் ஒரு கணினியே என்பதை மறவாதீர்.

6. ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்தல் வேண்டும். இரண்டு படி உறுதிப்பாட்டையும் அமைத்துக்கொண்டால், கடவுச்சொல்லைத் திருடியவனும் எளிதில் உள்ளே நுழைய இயலாது.

நம் நாட்டில் உதவி கேட்கவும் வழி உண்டு. இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைச் சைபர் செக்கியூரிட்டி மலேசியா நிறுவனத்தின் ‘சைபர்999’ சேவையிடம் தெரிவிக்கலாம். இணைய மோசடியில் பணம் பறிபோனால், 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழைக்க வேண்டும். பிறர் கணினியில் அனுமதியின்றிப் புகுவது 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. விளையாட்டுக்காகக்கூட நம் மாணவர் அதனைச் செய்தல் ஆகாது.

முடிவுரை

அவ்வீட்டில் பணம் போகவில்லை, குரலும் மீண்டது. அத்தை பணம் அனுப்புமுன் ஒரு முறை அழைத்துக் கேட்டதே அதற்கு முதற் காரணம். ஆயினும் நான்கு நாள் மௌனம் பெருங்கேடாக முடிந்திருக்கக்கூடும். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அம்மா” என்று மட்டும் தந்தையார் மகளிடம் கூறினார்; ஏசவில்லை.

ஆகவே மாணவர்களே, கணினியில் ஏதேனும் மாற்றம் கண்டால் அன்றே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். தவறு நேர்வது இயல்பு. அதனை மறைப்பதே நோயை வளர்க்கும். பெற்றோர்களே, பிள்ளைகள் அஞ்சாமல் வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். எந்தப் பாதுகாப்பு நிரலும் தர இயலாத காவல் அதுவேயாகும்.

இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு செயலைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மீண்டும் கிடைக்காத படமோ குரலோ எது என்று கேளுங்கள். அதற்கு இரண்டாவது படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அன்றே ஒன்று எடுத்து வையுங்கள்.