முதலில் மானிட்டரைப் பாருங்கள்

கேள்வி: முதன்முறையாக நானே கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: மானிட்டரிலிருந்து. 1080பி திரைதான் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போதும். 1440பி என்றால் 12 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான்.

பிராசஸருக்கு ரைசன் 5 7600 தாராளம். 6 கோர், கூலரும் பெட்டியிலேயே வரும். ஆனால் அது ஏஎம்5 சாக்கெட். வீட்டில் சும்மா கிடக்கும் டிடிஆர்4 ரேம் அந்த மதர்போர்டில் நுழையவே நுழையாது. டிடிஆர்5 ரேமை ஒற்றையாக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-இல் செருகுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பவர் சப்ளையில்தான். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேபினெட்டோடு ‘ஃப்ரீ’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். (கலர் லைட் எரிந்தால் கேம் வேகமாக ஓடாது, அதையும் நினைவில் வையுங்கள்.) மேலே சொன்ன 4060 கார்டுக்கு 550 வாட் போதும். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சிக்கனத்தை மட்டுமே சொல்லும். தரத்தை அறிய, 5 வருட வாரண்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகினாலும் 7600-இல் படம் வரும். கேம்தான் திக்கித் திணறும்.