இடத்தைக் கற்றல்

இயற்கையைப் பற்றிய நூல்களைக் கற்கப் புகுவோர் முதற்கண் ஒன்றை அறிதல் வேண்டும். மலை அழகியது, ஆறு இனியது என்று பொதுப்பட மொழிவது இயற்கை எழுத்தாகாது. ஓரிடத்தில், ஒரு பருவத்தில் கண்டதைக் கண்டவாறே உரைப்பதே அதுவாம்.

இதற்குப் பழைய சான்று தேரகாதை. அந்நூலில் மகாகாசியபர் தாம் உறைந்த மலைப்பாறைகளைக் கூறுங்கால், முகில் நிறத்தையும் தெளிந்த நீரையும் சொல்லி அமையாது, இந்திரகோபம் என்னும் சிற்றுயிர் அவற்றைப் போர்த்தியிருப்பதையும் குறிக்கின்றார். மழை பெய்தபின் மண்ணினின்று வெளிப்படும் செந்நிறப் பட்டுப்பூச்சி இது என்பர். அகநானூற்றுப் புலவர் இதனை ‘மூதாய்’ எனப் பெயரிட்டு முல்லைநிலக் கார்காலத்தில் வைத்துப் பாடினர்.

பற்றறுத்த தேரர் பாறைகளில் மகிழலாமோ என்று சிலர் ஐயுறுவர். அவர் மலையைத் தமதென்று கொள்ளவில்லை. கூர்ந்து கண்டார், அவ்வளவே. உடைமை வேறு, அறிவு வேறு. பட்டாவில் ஒரு சாண் நிலமும் பெறாத முன்னோரின் வழிவந்த நமக்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுவதாகும். நிலத்தை நமக்கு மறுத்தவர் உண்டு. அதனை அறியும் உரிமையை மறுக்க எவராலும் இயலாது.

அண்மைக் காலத்தில் இவ்வழி நின்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், 1950 முதல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டருகே திரியும் காகத்தையும் அணிலையும் எழுதினார்.

இனி, இப்பாடத்தைக் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்ப்போம். 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை அங்குச் சுரங்கத்தொழில் நடந்தது. எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். பொன் வெளியே சென்றது. பாறையைப் பொடித்துச் சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய தூள் மட்டும் மேடுகளாய் அங்கேயே நின்றது. கோடைக்காற்றில் அத்தூள் வீடுகளுட் புகுகின்றது. மழை அம்மேடுகளை அரித்து ஓடுகின்றது. அதுவும் ஒரு நிலமே; அதுவும் எழுதப்படவேண்டியதே.

அவ்வூருக்குப் பேத்தமங்கலத்து நீர்த்தேக்கத்திலிருந்து வந்த தண்ணீர் பாலாற்று நீராகும். தொழிலாளருள் மிகப் பலர் வந்தது வடார்க்காட்டுப் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து. எனவே பிறந்த ஊரை விட்டு வந்தவர் பருகியதும் அதே ஆற்றின் நீரே. இதனை எத்தனை பிள்ளைகள் அறிவர்? சுரங்கம் மூடப்பட்டபின் பலர் நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். அறிந்த முதியோர் மறைந்தால், எஞ்சுவது பொன்னின் கணக்கு மட்டுமே.

ஆதலின் மாணாக்கர் மூன்று செய்க. ஒன்று, தம் தெருவிலுள்ள மரம், புள், பூச்சிகளின் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதுக. இரண்டு, எம்மாதத்தில் எது பூத்தது, எது வந்தது என்று நாள் குறிக்க. மூன்று, குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது, கழிநீர் எங்குச் செல்கின்றது என நடந்து சென்று காண்க.

நற்கடைப்பிடி என்பது கண்மூடி அமர்ந்திருக்கும்போது மட்டும் பயிலுவதன்று. கண் திறந்து தம் ஊரைக் காண்பதும் அதன் பயிற்சியேயாம்.